யுவராணிக்காக உக்கிரபாண்டி அடித்த அடிகள்

உச்சிப்புளிக்குத் தெற்கே இரண்டரைக் கிலோமீட்டரில் இருக்கும் மருதன்வலசையில் உக்கிரபாண்டியைத் தெரியாதவர் எவரும் இல்லை. அவரிடம் அடி வாங்காதவர்கள் மட்டும் சிலர் உண்டு. 1978இல் பிறந்தவர். இரண்டு ஏக்கர் நெல், ஒரு ஜோடிப் பந்தயக் காளை, நாகலெட்சுமி என்றொரு மனைவி. "எங்க வீட்டு ஆளுக்கு வாயி பேசுறதுக்கு முன்னாடி கை பேசிரும்" என்று நாகலெட்சுமி சொல்வதில் மிகை ஏதும் இல்லை. அவர் பேரில் காவல் நிலையத்தில் மூன்று வழக்குகள் பதிவாகி, மூன்றும் ராஜியில் முடிந்திருந்தன. அவர் உடம்பில் பதிவானவை அதைவிட அதிகம். இடது காதில் பாதி 2004இல் தேவிபட்டினம் பந்தயத்தில் போனது. முன்பற்கள் இரண்டு 2009இல். வலது முழங்கால் 2019இல்.

முழங்கால் போகும்வரை இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் துணைச் சாரதி. வண்டிமேல் உட்கார்ந்து கயிறு பிடிப்பவர் சாரதி. பக்கத்திலேயே ஓடி மாட்டை விரட்டி, மூச்சு முட்டும்போது வண்டியில் தொற்றி ஏறி, மறுபடி குதித்து ஓடுகிறவர் துணைச் சாரதி. 214 பந்தயங்கள் ஓடினார். 61இல் அவர் வண்டி முதலில் வந்து கொடி வாங்கியது.

அந்தப் பந்தயச் சாலையில் எந்த நோட்டீசிலும் அச்சாகாத விதி ஒன்று உண்டு. முன்னே போகிற வண்டி, பின்னே முந்த வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். விடாமல் இடமும் வலமும் ஒடித்து மறித்தால், ஓரத்தில் நிற்கிற ஆட்கள் பாய்ந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியைச் சாலையைவிட்டு இறக்கிவிடுவார்கள். சாரதி வாய் பேசினால் அடி விழும். உக்கிரபாண்டியின் இரண்டு பற்களும் அப்படித்தான் போயின. அதில் அவருக்கு வருத்தமில்லை. மறித்தது அவர் வண்டிதான்.

யுவராணியை அவர் முதலில் பார்த்தது 2023 அக்டோபர் 9, திங்கட்கிழமை, காலை 5.50க்கு. மதுரையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டு, ஊர் ஊராக மாரத்தான் ஓடுகிறவள். உச்சிப்புளியில் அத்தை வீட்டில் தங்கிப் பயிற்சி எடுக்க வந்திருந்தாள். நெடுஞ்சாலையிலிருந்து மருதன்வலசை வழியாகக் கடலுக்குப் போகும் சாலையில் அவள் வரும்போது, முளையில் கட்டியிருந்த செவலைக் காளை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது.

உக்கிரபாண்டி குறுக்கே விழுந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். கொம்பு அவருடைய வலது முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழித்தது. காளை அவரைக் கருவேல முள்ளில் பதினொரு மீட்டர் இழுத்துப் போயிற்று. அந்தப் பெண் ஓடவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஓங்கிக் காளையின் கண்ணுக்குமேல் எறிந்தாள். காளை தலையை உதறிய அந்த நொடியில் அவர் கயிற்றை வேலிக்கல்லில் சுற்றிவிட்டார்.

அவள் தன் துண்டை அவர் கையில் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"ஏன் தாயி, ஓடித் தப்பிக்காம நின்ன?"

"ஓடுனா வெரட்டும்ல அண்ணே. மாட்டவிட வேகமா என்னால ஓட முடியாது. மாட்டவிடத் தூரமாத்தான் ஓட முடியும்."

"எம்புட்டுத் தூரம்?"

"நாப்பத்திரெண்டு கிலோமீட்டர், நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டர்."

ரத்தம் சொட்டச் சொட்ட உக்கிரபாண்டி சிரித்தார். எட்டு மைல் ஓடும் காளைக்கு அவர் பருத்திக்கொட்டையும் முட்டையும் ஊட்டிக்கொண்டிருக்க, இருபத்தாறு மைல் ஓடுகிற பிள்ளை இட்லி சாப்பிட்டுவிட்டு ஓடுகிறது. கையில் ஏழு தையல். தையல் பிரிப்பதற்கு முன்பே அவர் அவளுக்கு ரசிகராகிவிட்டார்.

அதன்பின் அவள் ஊரில் இருக்கிற நாளெல்லாம் காலை 5.40க்கு அவர் சாலையோரம் நிற்பார். ஒரு வாளித் தண்ணீர், பஞ்சு, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. பஞ்சை எப்படி நீட்ட வேண்டும், கூடவே நாலு எட்டு ஓடி எப்படி விட வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். அந்த நாலு எட்டில்தான் பேச்சு.

"இன்னைக்கு வேகம் பத்தல தாயி."

"இன்னைக்கு மெதுவாத்தான் ஓடணும் அண்ணே."

"மெதுவா ஓடுறதுக்கு எதுக்கு இவ்ளோ காலையில எந்திரிக்கணும்?"

அவளுக்காக அவர் செய்த காரியம் ஒன்று ஊரையே சிரிக்க வைத்தது. வண்டிச் சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டி, 243 சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணி, அவள் ஓடும் பாதையில் பன்னிரண்டு பனைமரங்களில் சுண்ணாம்பு அடித்தார். அவள் தன் கைக்கடிகாரத்தில் சரிபார்த்தாள். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்பது மீட்டர்தான் பிசகு. அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே அவருடைய வண்டி நுகத்தடியில் மாட்டுக்கொம்புக்குப் பூசும் வர்ணத்தால் கையெழுத்துப் போட்டாள்: 'அன்புடன் யுவராணி, 2.42.05'. அதுதான் அதுவரை அவளுடைய சிறந்த நேரம்.

தேவிபட்டினத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த ஹசன் அலி, உக்கிரபாண்டியின் பழைய சாரதி. நுகத்தடியைப் பார்த்துவிட்டு, "மாப்ள, மாட்ட வித்துட்டு இந்தப் பிள்ளைய வண்டியில பூட்டப் போறியா?" என்றார். அவரே மறுவாரம் சாலையோரம் வந்து நின்றார். ஆறு மாதத்தில் பந்தயக் கூட்டத்தில் முப்பத்தேழு பேர் யுவராணி கட்சி.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, வாலாந்தரவையிலிருந்து பாம்பன் பாலம் வழியாகத் தங்கச்சிமடம் வரை மாரத்தான் என்று அறிவிப்பு வந்தது. இரண்டு நாள் முன்னதாக மதுரையிலிருந்து யுவராணி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, ரெண்டு மணி நாப்பது நிமிசத்துக்கு ஒரு செகண்டு கூடினாலும் எனக்குத் தேசியப் பயிற்சி முகாமுல எடம் கெடையாது. இருபத்தேழு வயசாகுது. அடுத்த வருசம் வயசு தாண்டிரும், இருபத்தேழுக்கு மேல எடுக்க மாட்டாக. இதுதான் கடைசி."

"நீ ஓடு தாயி. எவன் உன் வழியில நிக்கிறான்னு நான் பாத்துக்கிறேன்."

அவள் சிரித்தாள். அது பேச்சுக்குச் சொன்னது என்று நினைத்திருப்பாள்.

அவள் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருந்தது. மறைக்க வேண்டும் என்றில்லை. அவளுக்கு அது பல் துலக்குவதைப் போன்ற காரியம். ஜனவரி 24 அன்று அவள் திருப்புல்லாணிக்காரன் சேதுபதியை ஏற்பாடு செய்திருந்தாள். சேதுபதிக்குத் தொழிலே பிறருக்கு முன்னால் ஓடுவது. கேட்ட வேகத்தை விநாடி பிசகாமல் பிடித்து, எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, பின்னால் வருகிறவருக்கு மறைப்பாக ஓடுவான். தனக்கென்று ஜெயிக்க மாட்டான். தொடக்கக் கோட்டிலிருந்தே கூட ஓடுவதால் விதிப்படி அது சரி. உக்கிரபாண்டி பார்த்த 214 பந்தயங்களில் ஒரு வண்டியும் இன்னொரு வண்டிக்காக முன்னால் ஓடியதில்லை.

சரியாக 5.30க்கு ஓட்டம் தொடங்கியது. உக்கிரபாண்டி வேதாளை தாண்டி, 26.6 கிலோமீட்டரில், ஐந்து பேரோடு நின்றார். கையில் வாளி, பஞ்சு. தோளில் பழைய சாட்டைக்கம்பு. நெடுநாள் பழக்கத்தில் எடுத்து வந்தது. அன்றைக்குக் கொண்டல் பலமாக இருந்தது. கிழக்கேயிருந்து கடல்மேல் வரும் அந்தக் காற்று ஓடுகிறவர்களுக்கு நேர் எதிர்முகம். பனையோலைகள் எல்லாம் மேற்கே சாய்ந்து அடித்துக்கொண்டன.

6.01க்கு உச்சிப்புளியிலிருந்து ஹசன் அலி போனில் பேசினார். "மாப்ள, பிள்ள நல்லா வருது. ஆனா ஒரு நெட்டப் பய முன்னாலயே ஓடுறான். விலக மாட்டேங்கிறான்."

"தாண்டிரும். விடு."

6.40க்கு மறுபடி. பொட்டல் பாதையில் பைக்கில் கூடவே வந்துகொண்டிருந்த ஹசன் அலியின் குரல் இப்போது கொதித்தது. "தாண்ட விட்டாத்தானே? பிள்ள வலது பக்கம் வந்தா அவனும் வலது. இடது பக்கம் போனா அவனும் இடது. திரும்பித் திரும்பிப் பாத்துப் பாத்து மறிக்கிறான். பச்ச அயோக்கியத்தனம் மாப்ள!"

"எவன் ஏவிவிட்ட ஆளு?"

"நம்பர் மட்டும் குத்தியிருக்கான். பேரு இல்ல."

உக்கிரபாண்டி வாளியைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு இரண்டடி விலகிக்கொண்டார்கள்.

7.10க்கு அவர்கள் தெரிந்தார்கள். நெட்டையான கறுத்த பையன் முன்னே. அவன் முதுகுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் யுவராணி, தலை குனிந்து, பற்கள் தெரிய. சாலை வளைந்து காற்று சற்றே இடப்பக்கம் மாறிற்று. பையன் திரும்பிப் பார்த்தான், இடப்பக்கம் நகர்ந்தான். அவளும் நகர்ந்தாள். உக்கிரபாண்டியின் கண்ணுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அது மறிப்பதாகத்தான் தெரிந்தது.

மணி 7.10.20. அவர் பாய்ந்தார். பனியன் கழுத்தில் கைபோட்டு, காளையை இறக்குவதுபோல் ஒரே இழுப்பில் பையனைச் சாலையைவிட்டு இறக்கினார். சேதுபதி தோள்பட்டை முட்ட மைல்கல்லில் விழுந்தான். பச்சைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது, காறை எலும்பு. அவன் எழப் பார்த்தான். ஒரு உதை விலாவில். இன்னொரு உதை. பிறகு சாட்டைக்கம்பு அவனுடைய இடது கெண்டைக்காலில் இறங்கியது. தோல் விரிந்து ரத்தம் காலுறைவரை ஓடிற்று.

"வழியா மறிக்கிற? வழியா மறிக்கிற, நாயே?"

"அண்ணே!"

யுவராணி நின்றுவிட்டாள். ஓடுகிற கால் நின்றதும் உடம்பு முன்னே சாய்ந்து விழப்போய்ச் சமாளித்தாள்.

"அண்ணே, அது என் ஆளு! எனக்காக ஓடுறவரு!"

கம்பு ஓங்கியபடி நின்றது. தரையிலிருந்து சேதுபதி, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, "ஓடு யுவா! நிக்காத! ஓடு!" என்று கத்தினான். அவள் அவனைப் பார்த்தாள். உக்கிரபாண்டியைப் பார்த்தாள். பாதிக் காது போனபோதுகூட அவருக்கு அந்தப் பார்வை அளவுக்கு வலித்ததில்லை. பிறகு ஓடினாள். நின்றது 23 விநாடி.

உக்கிரபாண்டி சாலையோரம் மண்டியிட்டார். "ஏம்ப்பா, முன்னால ஓடி என்னப்பா செஞ்ச?"

"காத்தை மறைச்சேன்யா, காட்டுமிராண்டி! இந்தக் காத்துல தனியா ஓடுனா கிலோமீட்டருக்கு நாலஞ்சு செகண்டு போயிரும். பாலத்துல பத்துப் போகும்."

"காத்து மறைக்கணும், அம்புட்டுத்தானே!" என்றது ஒரு குரல். ஹசன் அலி அப்போதுதான் எட்டுப் பேரோடு பைக்குகளில் வந்து சேர்ந்திருந்தார். பேச்சில் பாதியைக் கேட்ட வேகத்தில் வண்டியைத் திருப்பினார். "ஏலே, எல்லாரும் பாலத்துக்கு வாங்கடா! ஒம்பது வண்டியும் ரெண்டு வரிசையா முன்னால போனா ஒரு பொட்டுக் காத்துப் படாது!" அவரோடு வந்தவர்களும், உக்கிரபாண்டியோடு நின்றவர்களும் கடலோர மண்பாதையில் பறந்தார்கள்.

"நானும் ஓடுறேன்" என்று உக்கிரபாண்டி எழுந்தார். "முழங்கால் கெடக்கட்டும். ரெண்டு மைலு நான் மறைக்கிறேன்."

சேதுபதி நல்ல கையால் அவர் வேட்டியைப் பிடித்தான். "வேணாம்யா! தொடக்கத்துல இருந்து ஓடுனவன்தான் மறைக்கலாம். நடுவுல ஒரு ஆளு முன்னால போனாலும், ஒரு வண்டி முன்னால போனாலும், அவள ஓட்டத்தவிட்டே தூக்கிருவாங்க. நேரம் கணக்குலயே வராது. அந்த வண்டிகள நிறுத்து!"

ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றும்வரை உக்கிரபாண்டி அவன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். பிறகு யாரோ விட்டுப்போன ஒரு மொபெட்டை எடுத்தார். ஹசன் அலிக்கு நாலு முறை போன் போட்டார். கொண்டல் காதில் இரைய ஓட்டுகிறவனுக்கு எந்த மணியும் கேட்காது.

7.28க்குப் பாலத்தின் மண்டபம் பக்க முகப்பை அடைந்தார். ஓட்டத்துக்காகப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஒன்பது பைக்குகள் இரண்டு வரிசையாக எஞ்சினை உறுமவிட்டு நின்றன, பதினான்கு பேர். ஊர்க்காவல் படையினர் இருவர் விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். விசிலால் யாருக்கும் வலிக்கவில்லை.

"மாமா, வண்டிகள ஓரங்கட்டு! வண்டி முன்னால போனா பிள்ளையத் தூக்கிருவாக!"

"யாரு சொன்னா?"

"அடிபட்ட பய சொன்னான்."

ஹசன் அலி சிரித்தார். "மறிச்சவன் சொன்னத நம்பிட்டு வாரியே மாப்ள."

"மறிக்கல மாமா. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அவன் எலும்ப ஒடிச்ச. இப்ப அவன் பேச்சக் கேட்டு இங்க வந்து நம்மளத் தடுக்கிற. இல்ல, எவன்கிட்டயாவது வெல போயிட்டியா?"

பந்தயச் சாலையில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு எவரும் முழுசாக வீடு போனதில்லை. உக்கிரபாண்டி மொபெட்டைக் கீழே போட்டார். முன்வரிசையில் முதல் பைக்கின் சாவியைப் பிடுங்கினார். கைப்பிடிச் சுவருக்கு மேலே கடலில் வீசினார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது சாவி கையிலிருந்து பறக்கும்போது யாரோ தலைக்கவசத்தால் அவர் பின்மண்டையில் அடித்தார்கள். கண்ணில் வெள்ளையாக ஒன்று வெட்டிற்று. திரும்பிக் கம்பை வீசினார். ஒருவனுடைய புருவம் பிளந்தது. இன்னொருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மிச்சம் ஐந்து பைக்குகள் இருந்தன. பாலத்தின் வாயில் நடுக்கோட்டில் போய் நின்றுகொண்டார்.

"என்மேல ஏத்திட்டுப் போங்கடா!"

ஒருவன் ஏற்றவே செய்தான். முன்சக்கரம் தொடையில் இடித்து, பைக்கும் ஆளும் அவர் மேலேயே சாய்ந்தார்கள். சூடான புகைக்குழாய் காலில் பட்டுப் பொசுங்கும் வாடை வந்தது. எழுந்தார். வண்டிப் பூட்டுச் சங்கிலி ஒன்று சுழன்று வந்து வலது மணிக்கட்டில் இறங்கிற்று. கம்பு விழுந்தது. இடது கையால் ஹசன் அலியின் இடுப்பை வளைத்துப் பிடித்து, தலையால் அவர் நெஞ்சில் முட்டி, பக்கச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். ஹசன் அலி குனிந்த முதுகில் முழங்கையால் குத்தினார். மற்றவர்கள் விலாவில் உதைத்தார்கள். ஒரு விலா போனது அவருக்கே கேட்டது. இரண்டாவது போனது கேட்கவில்லை. மருத்துவமனையில் படம் பிடித்த பிறகுதான் தெரிந்தது.

"விடுறா! பிள்ள வருதுடா!"

"வரட்டும்! அது தனியாப் போகட்டும்!"

7.33.05. யுவராணி பாலத்தில் காலெடுத்து வைத்தாள். ரத்தமும் சாய்ந்த வண்டிகளும் கிடந்த முகப்பில் ஒரு ஆள் புகும் அளவுக்கு வழி இருந்தது. அதில் புகுந்து போனாள். அவள் முகம் உக்கிரபாண்டிக்குத் தெரியவில்லை. ஹசன் அலியின் வயிற்றில் புதைந்திருந்த அவர் தலைக்கு அவளுடைய காலடி மட்டும் கேட்டது. தப், தப், தப். பிசகில்லாத காலடி. அவளுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்த நடுவர் பெண் ஒலிபெருக்கியில், "ஒரு வண்டி அவங்களுக்கு முன்னால போனாலும் தகுதி நீக்கம்! ஒரு வண்டி போனாலும்!" என்று மூன்று முறை சொன்னார்.

முதுகில் விழுந்துகொண்டிருந்த குத்து நின்றது.

"மாப்ள" என்றார் ஹசன் அலி. "விடு. போதும். கேட்டுருச்சு."

உக்கிரபாண்டி விடவில்லை. நம்புகிற நிலையில் அவர் இல்லை. அவள் தாண்டி ஒரு நிமிடம் நாற்பது விநாடி கழித்து, மயங்கி விழுந்தபோதுதான் அந்தப் பிடி தளர்ந்தது.

ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் அவருக்குப் பதினைந்தாம் எண் கட்டில். பதினான்காம் எண்ணில் சேதுபதி. இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போடும் இடம். நாகலெட்சுமி வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேதுபதிக்குத்தான் முதலில் கஞ்சி ஊட்டினாள். வலது கையில் மாவுக்கட்டோடு கிடந்த புருசனை அவள் திரும்பிப் பார்க்க மதியம் ஆயிற்று.

"முடிவு என்னாச்சுன்னு எவனும் சொல்ல மாட்டேங்கிறான்" என்றார் உக்கிரபாண்டி, கூரையைப் பார்த்து.

"ரெண்டு நாப்பது பதினேழு" என்றான் சேதுபதி. அவனும் கூரையைத்தான் பார்த்தான்.

நின்ற 23 விநாடியைக் கழித்தால் 2.39.54. அந்தக் கழித்தலைப் போட உக்கிரபாண்டிக்குப் படிப்புத் தேவைப்படவில்லை.

3.40க்குத் தலைமைக் காவலர் வாக்குமூலம் எழுத வந்தார். "விழுந்ததா, அடிச்சதா?" என்று சேதுபதியைக் கேட்டார். அவன் வாய் திறக்குமுன் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் அடிச்சேன். கையால இழுத்து, காலால ரெண்டு உதை, கம்பால ஒண்ணு. எழுதுங்க. இந்தத் தடவ ராஜிக்கு வர மாட்டேன்."

"உம்ம அடிச்சது யாரு?"

"அது நானாக் கேட்டு வாங்குனது. அத எழுத வேணாம்."

வாசலில் புருவத்தில் கட்டோடு நின்ற ஆளும், அவன் பக்கத்தில் நின்ற ஹசன் அலியும் தலை குனிந்தார்கள். காவலர் போனதும் ஹசன் அலி உள்ளே வந்தார். "ஏலே, நாலு சாவி கடல்ல கெடக்கு. எவன் முங்கி எடுக்கிறது?" என்றார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

யுவராணி 4.25க்கு வந்தாள். இரண்டு பாதத்திலும் துணி சுற்றியிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நேராகச் சேதுபதியிடம் போனாள். உக்கிரபாண்டிக்கு முதுகு காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினொரு நிமிடம் அவனோடு தாழ்ந்த குரலில் பேசினாள். கெண்டைக்காலில் தசை கிழிந்திருந்தது, ஆறு வாரம் ஓடக்கூடாது, ஒத்துக்கொண்டிருந்த மூன்று ஓட்டமும் போச்சு என்பது மட்டும் இந்தப் பக்கம் கேட்டது.

பிறகு திரும்பினாள். எழுந்து குனிந்து, கையை முஷ்டி பிடித்து ஓங்கினாள். உக்கிரபாண்டி கண்ணை மூடவில்லை. முஷ்டி அவருடைய பாதிக் காதுக்குப் பக்கத்தில் தலையணையில் விழுந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. கட்டில் கிறீச்சிட்டது. மூன்று அடி போட்டபின் அவளுக்கு மூச்சு வாங்கிற்று. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியபோதுகூட அவளை அவர் அப்படி மூச்சு வாங்கிப் பார்த்ததில்லை.

"பதினேழு செகண்டு அண்ணே."

"தெரியும் தாயி."

"முகாம் போச்சு."

"தெரியும்."

"என்னத் தூக்காம இருந்ததுக்கு நீங்கதான் காரணம்னு நடுவர் சொன்னாங்க. ரெண்டு நாப்பது பதினேழு கணக்குல நிக்குது. இதுவரைக்கும் நான் ஓடுனதுலயே அதுதான் வேகம். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "அதுக்காக உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க."

"நெனைக்கல தாயி."

"அவருகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"வாய் வரல."

"நல்லாக் கேட்டுப் பழகுங்க. பக்கத்துக் கட்டில்லதான் இருக்காரு. அவருக்குக் காலு நேரானதும் மறுபடி ரெண்டு பேரும் ஓடுவோம். முகாம் இல்லாட்டியும் ஓடத்தான் செய்வேன்."

உக்கிரபாண்டி கட்டிலில் சற்று நிமிர்ந்தார். விலா வலித்தது. கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் கேட்டார். "அப்ப... நான் ரோட்டுப் பக்கம் வரலாமா தாயி? தள்ளித்தான் நிப்பேன்."

சேதுபதி கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லப் போகிறாளோ என்று பார்த்தானோ, வரட்டும் என்று சொல்லிவிடுவாளோ என்று பார்த்தானோ.

"தண்ணி மேசைக்குப் பின்னாடி நிக்கணும்" என்றாள் யுவராணி. "மேசையத் தாண்டி ஒரு அடி வரக்கூடாது. கம்பு கூடாது. கையில தண்ணிக் கிளாஸ் இருக்கணும். ரெண்டு கையிலயும்."

"ரெண்டு கையிலயுமா?"

"ரெண்டு கையிலயும்தான்."

உக்கிரபாண்டி மாவுக்கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் வீங்கி, நீலம் பாரித்து, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக மடக்கப் பார்த்தார். நாகலெட்சுமி அவர் கையில் கஞ்சித் தம்ளரைத் திணித்து, "பிடிங்க பாப்போம்" என்றாள்.